கரியமில வாயுவைப் பிடிக்க ரூ.20 ஆயிரம் கோடி. கந்தகத்தைப் பிடிப்பதிலிருந்து விலக்கு

புதுதில்லி: தொழிற்சாலைப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்தெடுத்துப் பயன்படுத்துவதற்கும் பூமிக்கடியில் சேமிப்பதற்கும் அடுத்த 5 ஆண்டுகளில் ரூ.20 ஆயிரம் கோடி ஒதுக்கப்படும் என 2026-27ஆம் ஆண்டுக்கான மத்திய நிதிநிலை அறிக்கையில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். மின்சாரம், உருக்கு, சிமென்ட், எண்ணெய்ச் சுத்திகரிப்பு, ரசாயனம் ஆகிய ஐந்து துறைகள் இதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளன.

இதற்கு ஏழு மாதங்களுக்குச் சற்றுக் குறைவான காலத்துக்கு முன், 2025 ஜூலை 11 அன்று, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அறிவிக்கையை வெளியிட்டது. நிலக்கரியில் இயங்கும் அனல் மின் அலகுகளின் புகையிலிருந்து கந்தக டை ஆக்சைடை அகற்றும் கருவிகளைக் கட்டாயம் நிறுவ வேண்டும் என்ற விதியிலிருந்து, நாட்டிலுள்ள அலகுகளில் முக்கால் பங்குக்கும் மேலானவற்றுக்கு அது விலக்கு அளித்தது.

இவ்விரண்டு முடிவுகளும் வெவ்வேறு அமைச்சகங்களிலிருந்து, வெவ்வேறு தருணங்களில் வந்தவை. நாளேடுகளிலும் வெவ்வேறு பக்கங்களில் இடம்பெற்றவை. ஆனால் கரியமில வாயுவைப் பிடிக்க இன்று வணிக அளவில் பெரிதும் நம்பப்படும் திரவத்தின் இயல்பை அறிந்தவர்களுக்கு, ஒரு முடிவு மற்றதன் காலை வாரிவிடுவது தெளிவாகவே தெரியும்.

தொண்ணூறு ஆண்டு கடந்த தொழில்நுட்பம்

அந்தத் திரவத்தின் பெயர் அமீன். அம்மோனியாவிலிருந்து பெறப்படும் கரிமச் சேர்மங்களின் பெரிய குடும்பம் அது. அதில் மூத்தது மோனோஎத்தனாலமீன். நூற்றுக்கு முப்பது பங்கு என்ற அளவில் தண்ணீரில் கலந்து, உயர்ந்த கோபுரம் ஒன்றின் உச்சியிலிருந்து அதை வழியவிடுகிறார்கள். அடியிலிருந்து புகை மேலேறுகிறது. சுமார் 40 டிகிரி வெப்பத்தில் அமீன், புகையிலுள்ள கரியமில வாயுவைப் பற்றிக்கொள்கிறது. பின்னர் அத்திரவம் இரண்டாவது கோபுரத்துக்குச் செல்கிறது. அங்கு நீராவியால் 120 டிகிரி வரை சூடேற்றப்படும்போது, பற்றியிருந்த வாயுவை விட்டுவிடுகிறது. தூய கரியமில வாயு ஒரு குழாயில் வெளியேற, திரவம் மீண்டும் முதல் கோபுரத்துக்குத் திரும்புகிறது.

எதிர்காலத் தொழில்நுட்பம் என்று மேடைகளில் வருணிக்கப்படும் இம்முறைக்கு அமெரிக்காவில் பாட்டம்ஸ் என்பவர் காப்புரிமை பெற்றது 1930ஆம் ஆண்டில். இயற்கை எரிவாயுவைத் தூய்மைப்படுத்தவும், நீர்மூழ்கிக் கப்பல்களில் மாலுமிகள் வெளிவிடும் மூச்சிலிருந்து கரியமில வாயுவை அகற்றவும் பல பத்தாண்டுகளாக அமீன் பயன்பட்டு வருகிறது.

இந்தியாவுக்கும் இது புதிதன்று. உத்தரப் பிரதேசத்தில் ஆன்லா, புல்பூர் ஆகிய இடங்களில் உள்ள இஃப்கோ உர ஆலைகளில், நாளொன்றுக்கு தலா 450 டன் கரியமில வாயுவைப் பிடிக்கும் கருவிகள் 2006இல் இயங்கத் தொடங்கின. ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனம் உருவாக்கிய மேம்பட்ட அமீன் கரைப்பான் அங்கு பயன்படுகிறது. ஆந்திரத்தின் காக்கிநாடாவில் உள்ள உர ஆலையிலும் அதே அளவுள்ள கருவி 2009இல் நிறுவப்பட்டது. இயற்கை எரிவாயுவைக் கொண்டு யூரியா தயாரிக்கும்போது அம்மோனியா மிஞ்சும், கரியமில வாயு பற்றாது. அந்தப் பற்றாக்குறையை ஈடுகட்டவே இந்த ஏற்பாடு. பருவநிலை மாற்றம் பற்றிய கவலை அதில் இருந்ததைவிட, ஆலைக் கணக்காளரின் கவலையே அதிகம் இருந்தது எனலாம்.

தமிழகத்திலும் உலகின் கவனத்தை ஈர்த்த ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தூத்துக்குடியில் சோடா ஆஷ் தயாரிக்கும் ஆல்கலி ரசாயன ஆலை, நிலக்கரியில் இயங்கும் தனது கொதிகலனின் புகையிலிருந்து ஆண்டுக்கு 60 ஆயிரம் டன் கரியமில வாயுவைப் பிடிக்கும் கருவியை 2016இல் இயக்கத் தொடங்கியது. காரக்பூர் ஐஐடியில் பயின்ற அனிருத்த சர்மா, பிரதீக் பம்ப் ஆகிய இருவர் தொடங்கிய கார்பன் கிளீன் நிறுவனத்தின் கரைப்பான் அதில் பயன்பட்டது. அரசு மானியம் ஏதுமின்றி, வணிகக் கணக்கிலேயே கட்டுப்படியாகும் திட்டம் என்று 2017இன் தொடக்கத்தில் வெளிநாட்டு ஊடகங்கள் வியந்து எழுதின.

இந்த வெற்றிகள் உண்மையானவை. ஆனால் இரண்டு செய்திகளை மறந்துவிட்டு இவற்றை அனல் மின் நிலையங்களுக்கு முன்மாதிரியாகக் காட்ட முடியாது. முதலாவதாக, பிடிக்கப்பட்ட வாயு எங்கே போகிறது? வயலில் இட்ட யூரியா சிதைந்ததும், அதற்குள் இருந்த கரியமில வாயு காற்றில் கலந்துவிடுகிறது. கண்ணாடி உலையில் சோடா ஆஷ் உருகும்போதும் அவ்வாறே. பயணம் சற்றுத் தாமதப்படுகிறது, அவ்வளவுதான். இரண்டாவதாக, உர ஆலைகளின் புகை இயற்கை எரிவாயுவின் புகை. அதில் சாம்பல் இல்லை, கந்தகமும் இல்லை என்றே சொல்லலாம்.

விந்தியாசலத்தின் 20 டன்

நிலக்கரிப் புகையில் இதைச் சோதித்துப் பார்க்கத் தேசிய அனல் மின் கழகம் (என்டிபிசி) தேர்ந்தெடுத்த இடம் மத்தியப் பிரதேசத்தின் சிங்கரௌலி மாவட்டத்தில் உள்ள விந்தியாசலம். 4,760 மெகாவாட் திறன் கொண்ட இதுவே நாட்டின் மிகப் பெரிய அனல் மின் நிலையம். அதன் 13ஆவது அலகின் புகையிலிருந்து நாளொன்றுக்கு 20 டன் கரியமில வாயுவைப் பிடிக்கும் சோதனை ஆலை 2022 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கியது. அங்கும் மேம்படுத்தப்பட்ட அமீன் கரைப்பானே பயன்படுகிறது.

20 டன் என்பது எவ்வளவு? 500 மெகாவாட் அலகு ஒன்று முழுத் திறனில் ஒரு நாள் ஓடினால் 1 கோடியே 20 லட்சம் யூனிட் மின்சாரம் கிடைக்கும். ஒரு யூனிட்டுக்குச் சற்றேறக்குறைய ஒரு கிலோ வீதம், அன்று வெளியாகும் கரியமில வாயு 11 ஆயிரம் டன்னுக்கும் மேல். பிடிபடுவது 20 டன். ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை. அதுவும் அந்த ஒரே அலகின் கணக்கில்.

பிடித்த வாயுவை ஹைட்ரஜனுடன் சேர்த்து மெத்தனால் எரிபொருளாக மாற்றும் பணியும் அங்கு நடக்கிறது. நாளொன்றுக்கு 10 டன் தயாரிக்கும் ஆலை அது. 2024 நவம்பரில் அங்கு முதல் மெத்தனால் தயாரிக்கப்பட்டபோது அது சாதனையாக அறிவிக்கப்பட்டது. ஆய்வு என்ற அளவில் அது சாதனையே. எரிசக்திக் கணக்கில் பார்த்தால் கதை வேறு. 10 டன் மெத்தனாலுக்கு ஏறத்தாழ 14 டன் கரியமில வாயுவும் 1.9 டன் ஹைட்ரஜனும் வேண்டும். தண்ணீரை மின்சாரத்தால் பிளந்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்கச் சுமார் 50 யூனிட் செலவாகும். ஆக, 95 ஆயிரம் யூனிட். அந்த 14 டன் கரியமில வாயு வெளியானபோது உற்பத்தியான மின்சாரமோ 14 ஆயிரம் யூனிட்டுக்குச் சற்று அதிகம். சூரிய ஒளியிலிருந்து 95 ஆயிரம் யூனிட் கிடைக்குமானால், அதை நேரடியாக மின்கம்பியில் அனுப்பி, நிலக்கரியை எரிக்காமலே விட்டுவிடலாமே என்று கேட்பதற்கு வேதியியல் பட்டம் தேவையில்லை.

சோதனை ஆலையைச் சிறிதாகத்தான் தொடங்க முடியும் என்பது நியாயமான பதில். எனவே பெரிதாக்கும்போது என்ன நேரும் என்பதே ஆராயப்பட வேண்டும்.

வெப்பம், கந்தகம், சாம்பல்

மோனோஎத்தனாலமீனைக் கொண்டு ஒரு டன் கரியமில வாயுவைப் பிடித்து விடுவிக்க 3.5 முதல் 4 கிகா ஜூல் வரை வெப்பம் வேண்டும். சுமார் கால் டன் இந்திய நிலக்கரியைக் கொதிகலனில் எரித்தால் கிடைக்கும் வெப்பம் இது. இதற்கான நீராவியை டர்பைனிலிருந்தே எடுத்தாக வேண்டும். வாயுவை அழுத்திக் குழாயில் அனுப்பவும் மின்சாரம் செலவாகும். புகையிலுள்ள கரியமில வாயுவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கைப் பிடிக்க முனைந்தால், நிலையத்தின் மின் உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை இதற்கே போய்விடும். புதிய அமீன் கலவைகள் வெப்பத் தேவையை 2.5 முதல் 3 கிகா ஜூல் வரை குறைத்துள்ளன. பாராட்டத்தக்க முன்னேற்றம்தான். ஆனாலும் இழப்பு இழப்புதான். அதை ஈடுகட்ட மேலும் நிலக்கரி வெட்ட வேண்டியிருக்கும்.

தண்ணீரும் இப்படியே. புகையைக் குளிர்விக்கவும், சூடேறிய கரைப்பானை மீண்டும் குளிர்விக்கவும் நீர் வேண்டும். நிலையத்தின் நீர்த்தேவை ஒன்றரை மடங்குக்கும் மேலாக உயரக்கூடும். பழைய அனல் மின் நிலையங்கள் ஒரு மெகாவாட் மணிக்கு 3.5 கன மீட்டருக்கு மேல் நீர் எடுக்கக்கூடாது என்று 2015 டிசம்பர் விதிகள் கூறுகின்றன.

இனி கந்தகம். அமீன் காரத்தன்மை கொண்டது; அமிலத் தன்மையுள்ள எதையும் பற்றிக்கொள்ளும். கரியமில வாயு மென்மையான அமிலம் என்பதால், சூடேற்றினால் பிடியை விட்டுவிடுகிறது. கந்தக டை ஆக்சைடு வலுவானது. ஒரு முறை அமீனுடன் சேர்ந்தால் எவ்வளவு சூடேற்றினாலும் பிரியாத உப்பாக மாறிவிடும். அந்த அமீன் செத்த அமீன். விலையுயர்ந்த புதிய கலவைகளுக்கும் இதிலிருந்து தப்பில்லை. எனவே, கரைப்பானைத் தொடும் புகையில் கந்தக டை ஆக்சைடு பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கும் குறைவாக, அதாவது கன மீட்டருக்குச் சுமார் 30 மில்லிகிராமுக்கு மேற்படாமல் இருக்க வேண்டும் என்பது இத்துறையின் பொது விதி.

இந்தியாவின் நிலை என்ன? 2015 டிசம்பரில் சுற்றுச்சூழல் அமைச்சகம் நிர்ணயித்த வரம்பு, அலகின் வயதையும் அளவையும் பொறுத்து 100 முதல் 600 மில்லிகிராம் வரை. அதை நிறைவேற்ற முதலில் தரப்பட்ட காலக்கெடு 2017. பிறகு 2022 என்றார்கள். அதன் பின்னும் கெடு நகர்ந்துகொண்டே போயிற்று. இறுதியில் 2025 ஜூலையில், தலைநகர் வட்டாரத்திலிருந்தும் 10 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களிலிருந்தும் 10 கி.மீ. தொலைவுக்குள் உள்ள அலகுகளுக்கு மட்டும் 2027 டிசம்பர் வரை கெடு தந்து, கடும் மாசுப் பகுதிகளை ஒட்டியவற்றைத் தனித்தனியே பரிசீலிப்பதாகக் கூறி, எஞ்சியவற்றைப் புகைபோக்கி உயர நிபந்தனையோடு விடுவித்துவிட்டார்கள்.

இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு. நீக்கிக் கருவிகளுக்குச் செலவு அதிகம். அவற்றை இயக்க ஆகும் மின்சாரத்தாலும் சுண்ணாம்புக்கல்லாலும் கரியமில வாயு கூடுதலாக வெளியாகும் என்பவை விலக்குக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்கள். கந்தகம் குறைவு என்பது மெய்யே. நூற்றுக்கு அரைப் பங்கு என்று வைத்துக்கொண்டாலும், 500 மெகாவாட் அலகு நாளொன்றுக்கு எரிக்கும் சுமார் 7,500 டன் நிலக்கரியிலிருந்து 75 டன் கந்தக டை ஆக்சைடு வெளியேறும். அது முழுவதும் அமீன் கோபுரத்தின் வாயிலில் வந்து நிற்கும். வாயிலிலேயே காஸ்டிக் சோடாவால் கழுவிவிடலாம் என்போர் உண்டு. சோதனை ஆலைக்கு அது பொருந்தும். முழு அலகுக்கு நாள்தோறும் 90 டன்னுக்கு மேல் காஸ்டிக் சோடா வேண்டும்! விந்தியாசலத்தில் 13ஆவது அலகு தேர்வானதும் தற்செயலாக இருக்க முடியாது. என்டிபிசியில் முதலில் கந்தக நீக்கி அமைக்கப்பட்ட அலகுகளுள் அதுவும் ஒன்று.

சாம்பலின் பாடத்தைக் கனடா கற்றுத் தந்திருக்கிறது. சஸ்காட்சுவான் மாகாணத்தின் பவுண்டரி டேம் அனல் மின் நிலையத்தில் ஆண்டுக்கு 10 லட்சம் டன் பிடிக்கும் நோக்கத்துடன் 2014 அக்டோபரில் ஆலை திறக்கப்பட்டது. நுண்சாம்பலும் அமீன் சிதைவும் தொடர்ந்து தொல்லை தந்தன. குறித்த இலக்கை எட்டவே முடியாமல் ஆலை தடுமாறியது. அதே நிலையத்தின் வேறு இரு அலகுகளுக்கு இதை விரிவாக்குவதில்லை என்று அம்மாகாண மின் நிறுவனம் 2018இல் முடிவெடுத்தது. இந்திய நிலக்கரியில் நூற்றுக்கு 30 முதல் 45 பங்கு வரை சாம்பல்.

அளக்கப்படாத நஞ்சு

கோபுரத்தின் உச்சியிலிருந்து வெளியேறும் புகையோடு அமீனும் சிறிதளவு ஆவியாகிச் செல்கிறது. காற்றில் நைட்ரஜன் ஆக்சைடுகளோடு வினைபுரிந்து அது நைட்ரோசமீன், நைட்ரமீன் ஆகிய பொருட்களாக மாறக்கூடும். இவற்றுள் பல புற்றுநோயை உண்டாக்குபவை. நார்வேயின் பொது சுகாதார நிறுவனம் 2011இலேயே, இவற்றின் அளவு காற்றில் கன மீட்டருக்கு 0.3 நானோகிராமையும், குடிநீரில் லிட்டருக்கு 4 நானோகிராமையும் தாண்டக்கூடாது என்று பரிந்துரைத்தது. மோங்ஸ்டாட் நகரில் அமீன் சோதனை மையம் 2012இல் திறக்கப்படுவதற்கு முன்பே இந்த வரம்பு பேசப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. இந்தியாவின் தேசியக் காற்றுத் தர விதிகள் 2009இல் 12 மாசுப் பொருட்களைப் பட்டியலிட்டன. நைட்ரோசமீன் அவற்றுள் இல்லை.

மாற்று வழிகள்

அமீனுக்கு மாற்றே இல்லையா? உண்டு. ஒவ்வொன்றும் ஒரு சிக்கலைத் தீர்த்து வேறொன்றைக் கொண்டுவருகிறது. பொட்டாசியம் கார்பனேட் மலிவானது, ஆவியாகாது, நஞ்சும் இல்லை. ஆனால் கரியமில வாயுவை மெதுவாகவே பற்றும் என்பதால் புகையை அழுத்த வேண்டியிருக்கும். குளிரூட்டிய அம்மோனியாவை அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் உள்ள மவுண்டனீர் நிலையத்தில் 2009 முதல் 2011 வரை சோதித்தார்கள். கரைப்பான் மலிவு, குளிரூட்டும் செலவோ அதிகம். கரியமில வாயு வெளியேற்றத்துக்கு விலை வைக்கும் சட்டம் அங்கு நிறைவேறாததால் விரிவாக்கம் கைவிடப்பட்டது. உலோகமும் கரிமப் பொருளும் சேர்ந்த, நுண்துளைகள் நிறைந்த திடப் பொருட்கள் அடுத்த நம்பிக்கை. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் உருவான கால்ஃப்-20 அவற்றுள் முன்னணியில் உள்ளது. தண்ணீரைச் சூடேற்றும் வேலை இல்லாததால் வெப்பம் மிச்சம். சவ்வுகளுக்கு ரசாயனமோ நீராவியோ வேண்டாம். ஆனால் நூற்றுக்கு 12 முதல் 14 பங்கு மட்டுமே கரியமில வாயு உள்ள நிலக்கரிப் புகையை அவற்றினூடே செலுத்த மின்சாரம் நிறையச் செலவாகும்.

ஐஸ்லாந்தில் கார்ப்ஃபிக்ஸ் திட்டத்தினர் கையாளும் கரைப்பான் வெறும் தண்ணீர். கரியமில வாயுவை நீரில் கரைத்து எரிமலைப் பாறைக்குள் செலுத்துகிறார்கள். செலுத்தியதில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் இரண்டே ஆண்டுகளில் கல்லாக மாறிவிட்டதை 2016இல் ஆய்வாளர்கள் உறுதிப்படுத்தினர். இந்தியாவில் மராட்டியம் முதல் மத்தியப் பிரதேசம் வரை சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் தக்காணத்து எரிமலைப் பாறை படர்ந்திருப்பதால் இந்த முறை இங்கு ஆர்வத்தோடு கவனிக்கப்படுகிறது. ஆனால் ஒரு டன் வாயுவுக்கு இருபது டன்னுக்கும் மேல் தண்ணீர் வேண்டும். கோடையில் டேங்கர் லாரிக்குக் காத்திருக்கும் மராத்வாடாவும் இந்தப் பாறையின் மேல்தான் இருக்கிறது.

எங்கே தேவை, எங்கே வீண்?

சிமென்ட் தொழிலின் கதை வேறு. அதன் கரியமில வாயுவில் பாதிக்கும் மேல் எரிபொருளிலிருந்து வருவதில்லை. சுண்ணாம்புக்கல்லுக்கு உள்ளிருந்தே வருகிறது. சூளையைச் சூரிய மின்சாரத்தால் சூடேற்றினாலும் அது நிற்காது. அங்கு பிடித்தே ஆகவேண்டும். பெல்ஜியத்தின் லிக்ஸ் நகரில் 2019இல் தொடங்கிய சோதனையில், சுண்ணாம்புக்கல்லை எரிபொருள் புகை படாமல் தனிக் குழாயில் சூடேற்றினார்கள். கரியமில வாயு கலப்பில்லாமல் வெளிவருவதால் கரைப்பானே தேவைப்படவில்லை. நார்வேயின் பிரெவிக் சிமென்ட் ஆலையில் 2025இல் திறக்கப்பட்ட அமைப்பு அமீனையே பயன்படுத்துகிறது. ஆண்டுக்கு 4 லட்சம் டன் பிடித்து வடகடலுக்கு அடியில் சேமிப்பது திட்டம். அதற்கான வெப்பம் பெரும்பாலும் சூளையில் வீணாகும் வெப்பம். செலவின் பெரும்பகுதியை நார்வே அரசு ஏற்றுக்கொண்டது.

ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜனவரி 1 முதல் இறக்குமதியாகும் உருக்கு, சிமென்ட், அலுமினியம் ஆகியவற்றின் மீது கார்பன் வரியை நடைமுறைப்படுத்தியுள்ள நிலையில், இந்திய உருக்கு ஆலைகளுக்கு இது வணிகப் பிழைப்பின் பிரச்சினையும்கூட. ஜாம்ஷெட்பூரில் டாடா ஸ்டீல் 2021 செப்டம்பரிலேயே ஊதுலை வாயுவிலிருந்து நாளொன்றுக்கு 5 டன் பிடிக்கும் அமீன் ஆலையைத் தொடங்கியது.

மின்சாரத்தைப் பொறுத்தவரை காற்றும் சூரியனும் மாற்றாக இருக்கின்றன. சிமென்டுக்கு அப்படிப்பட்ட மாற்று இன்னும் இல்லை. ஆயினும் ஒரே பட்டியலில் ஐந்து துறைகள், ஒரே தொகை. அதில் எதற்கு எவ்வளவு என்பதைப் பொறுத்தே, இந்த ரூ.20 ஆயிரம் கோடி புதிய வழியைத் திறக்கப் போகிறதா, பழைய புகைபோக்கிகளின் ஆயுளை நீட்டிக்கப் போகிறதா என்பது தெரியவரும். 2050ஆம் ஆண்டுக்குள் ஆண்டுக்கு 75 கோடி டன் பிடிக்கலாம் என்று நிதி ஆயோக் 2022 நவம்பர் அறிக்கையில் கணித்தது. பிடித்ததைப் புதைக்க இடம் தேடும் வேலையோ இப்போதுதான் தொடங்கியிருக்கிறது: ஜார்க்கண்டின் பக்ரி பர்வாடி நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் என்டிபிசி ஆய்வுக் கிணறு தோண்டுகிறது.

சிங்கரௌலியில் ஏற்கெனவே ஒரு வரலாறு இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் ரிஹந்த் அணைக்காக ஊரை இழந்தவர்களில் பலர், பின்னர் சுரங்கங்களுக்காகவும் மின் நிலையங்களுக்காகவும் மீண்டும் இடம்பெயர்ந்தார்கள். 2009ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அந்த வட்டாரத்தைக் கடும் மாசுப் பகுதிகளின் பட்டியலில் சேர்த்தது. 2019 ஆகஸ்டுக்கும் 2020 ஏப்ரலுக்கும் இடையே அங்கு மூன்று சாம்பல் அணைகள் உடைந்தன. கடைசி உடைப்பில் குழந்தைகள் உள்பட உயிர்கள் பலியாயின. அமீன் ஆலை பெரிதானால், சிதைந்த கரைப்பானின் கசடும் அபாயகரக் கழிவாக டன் கணக்கில் சேரும். அதை எங்கே கொட்டுவது, காற்றில் நைட்ரோசமீனை யார் அளப்பது, ரிஹந்த் நீரில் எவ்வளவு எடுப்பது என்ற கேள்விகளுக்கு நிதிநிலை அறிக்கையின் அந்த அறிவிப்பில் பதில் இல்லை.